லாங்போவுக்கு மர அம்பு தேர்ந்தெடுப்பது: புதிதாக வருபவர்களுக்கு

லாங்போவில் (மரபான நீள வில்) விடும் மர அம்பு ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக விலகிப் போகிறதா? கையைக் குறை சொல்லும் முன் அம்புத்தண்டின் விறைப்பைப் பாருங்கள். வில்லாளிகள் இதை ஸ்பைன் என்பார்கள். மர அம்பு வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் இதுதான் முதலாவது. மர ரேகை, நேர்த்தி, எடை, இறகு எல்லாம் இதற்குப் பிறகுதான். புதியவர்களில் பெரும்பாலானவர்கள் நிறத்தையும் இறகையும் பார்த்து வாங்கிவிட்டு, ஸ்பைனைக் கடைசியில் விசாரிக்கிறார்கள். அதற்குள் தண்டு வெட்டி, முனை ஒட்டி முடிந்திருக்கும்.

சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் லாங்போ தகவல்களில் பல அமெரிக்க மான் வேட்டையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. காட்டுப்பன்றி தோட்டத்தை உழுது போட்டாலும் நீங்களாக வில்லெடுக்கக் கூடாது. பஞ்சாயத்து, வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. அந்தச் சட்டம் ஆயுதம் என்று சொல்வதில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது 31-ஆம் பிரிவு. எனவே பொள்ளாச்சியிலிருந்து டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளம் போகும்போதோ, முதுமலை, முத்தங்கா சாலைகளில் போகும்போதோ வில்லை வண்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். இந்த வழிகாட்டி வைக்கோல் இலக்கு, ஃபோம் இலக்கு, மண்மேடு ஆகியவற்றுக்கானது. வேட்டை அம்பின் கணக்கு வரும் இடத்தில் அது எந்த நாட்டுக் கணக்கு என்று சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

ஸ்பைன் ஏன் இவ்வளவு முக்கியம்

லாங்போவின் உடல், நாண் போகும் நேர்க்கோட்டுக்கு நடுவே நிற்கிறது. அம்பு அதன் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். நாணை விட்டதும் பின்னாலிருந்து வரும் தள்ளலில் தண்டு வளைகிறது. வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியே போய், மறுபக்கம் வளைந்து, பிறகுதான் நேராகிறது. தண்டு தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தால் வில்லில் உரசித் தெறிக்கும். வலக்கைக்காரர்களுக்கு அம்பு இடப்பக்கம் போகும். தளர்வாக இருந்தால் வலப்பக்கம் போகும். நவீன வில்களில் அம்பு உட்கார உடலில் நடுவரை வெட்டிய ஜன்னல் இருப்பதால் கொஞ்சம் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். லாங்போ பொறுக்காது.

மரத்தண்டின் ஸ்பைன் பவுண்டில் சொல்லப்படும்: 35–40, 40–45, 45–50 என்று ஐந்தைந்தாக. கார்பன் அம்பின் மேல் அச்சிட்டிருக்கும் 500, 600 போன்ற எண்கள் வேறு முறையில் அளந்தவை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

முதலில் இழுப்பு நீளம். எடை குறைந்த வில் ஒன்றும் நீளமான தண்டு ஒன்றும் எடுத்து, நாக்கின் (அம்பின் பின்முனையில் நாண் மாட்டும் பகுதியான நாக்) பள்ளத்திலிருந்து தொடங்கி அங்குலக் கோடுகள் போடுங்கள். கன்னத்தில் உங்கள் கை நிற்கும் இடம் வரை இழுத்து நிற்கும்போது, கூட இருப்பவர் வில்லின் முன்பக்கம் தண்டில் எந்தக் கோடு வருகிறது என்று பார்க்கட்டும். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒரே முறையில் எடுத்த அளவை நம்ப முடியாது. யாராவது அளக்கிறார்கள் என்றால் எல்லாரும் வழக்கத்தைவிட நெஞ்சை விரித்து இழுப்பார்கள்.

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கானது. அதற்குக் குறைவாக இழுத்தால் அங்குலத்துக்கு 2 முதல் 3 பவுண்டு குறையும். இனிக் கூட்டல் கழித்தல்:

அம்பின் நீளம் 28 அங்குலத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 5 பவுண்டு கூட்டுங்கள். குறையும் அங்குலத்துக்கு 5 கழியுங்கள். முனை 125 கிரெயினைவிட (அம்பு எடைக்கான அளவு; 15.4 கிரெயின் ஏறத்தாழ ஒரு கிராம்) கனமாக இருந்தால், 25 கிரெயினுக்குச் சுமார் 5 பவுண்டு கூட்டுங்கள். கொஞ்சம் நீண்டுகொடுக்கும் டேக்ரான் நாண் என்றால் மாற்றம் வேண்டாம். நீளாத டைனிமா வகை நாண் என்றால் 5 கூட்டுங்கள். வில்லின் பிடிக்கு மேல் ஜன்னல் வெட்டே இல்லாமல், அம்பு கைவிரல் மேலேயோ சின்னத் தட்டின் மேலேயோ உட்காருகிறது என்றால் 5 கழியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: வில் 45 பவுண்டு, இழுப்பு நீளம் 26½ அங்குலம். ஒன்றரை அங்குலம் குறைவதால் கையில் கிடைப்பது ஏறத்தாழ 41 பவுண்டு. அம்பை இழுப்பு நீளத்தைவிட ஓர் அங்குலம் கூட்டி 27½ என்று வைத்தால் இரண்டரை பவுண்டு கழியும்: ஏறத்தாழ 39. டேக்ரான் நாண், 125 கிரெயின் முனை என்பதால் அவற்றில் மாற்றமில்லை. ஜன்னல் வெட்டாத வில் என்றால் 34. இப்படி வந்தால் 30–35 குழுவை நடுவாக வைத்து, அதற்கு மேலும் கீழும் உள்ள குழுக்களில் இரண்டிரண்டு தண்டுகள் மட்டும் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். கணக்கு உங்களைப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். முடிவைச் சொல்ல வேண்டியது வில்தான். ஒரே குழுவில் எடுத்த எடுப்பிலேயே இரண்டு டஜன் வாங்கிவிடாதீர்கள்.

வீட்டிலேயே ஸ்பைன் அளக்க

விற்பவர் எழுதிக் கொடுக்கும் எண்ணைச் சரிபார்க்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒரு பலகையில் சரியாக 26 அங்குல இடைவெளியில், அதாவது 660 மில்லிமீட்டரில், இரண்டு ஆணி அடியுங்கள். தண்டை அதன்மேல் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிடுங்கள். 2 பவுண்டு என்பது 907 கிராம். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, கயிற்றையும் சேர்த்துச் சமையலறைத் தராசில் 907 காட்டும்படி சரிசெய்தால் போதும். எடை தொங்குவதற்கு முன்னும் பின்னும் தண்டின் நடு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளந்து, 660-ஐ அந்த எண்ணால் வகுங்கள். கிடைப்பதுதான் ஸ்பைன் பவுண்டு. 22 மில்லிமீட்டர் இறங்கினால் 30, 18.9 என்றால் 35, 16.5 என்றால் 40, 14.7 என்றால் 45, 13.2 என்றால் 50.

இதில் ஒரு நுணுக்கம். தண்டின் வெட்டுமுகத்தில் வளையக் கோடுகள் தெரியும். அவை நட்டமாக, மேலிருந்து கீழாக நிற்கும்படி தண்டை வைத்து அளக்க வேண்டும். கோடுகள் படுத்திருக்க அளந்தால் எண் மாறிவிடும். ஒரு டஜனுக்குள் இறக்கத்தில் 1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வராதபடி பொறுக்கினால், தொடங்குகிறவருக்கு அது நல்ல தொகுதி.

எந்த மரம்

உலகெங்கும் மர அம்பு என்றதும் சொல்லப்படுவது போர்ட் ஆர்ஃபர்டு சீடர். அமெரிக்காவின் ஓரிகன் தென்மேற்கிலும் கலிஃபோர்னியாவின் வடக்கிலும் வளரும் மரம். எடை குறைவு, ரேகை நேர், வளைந்தாலும் திருத்திவிடலாம். டக்ளஸ் ஃபிர் அதைவிடச் சற்றுக் கனம், விறைப்பு அதிகம். ஆஷ், ஹிக்கரி இரண்டும் கனமானவை, அடி தாங்கும், ஆனால் ஒருமுறை வளைந்தால் நிமிர்த்துவது கடினம். ஸ்காட்ஸ் பைன் ஐரோப்பாவில் பரவலாகப் புழங்குவது, புதியவருக்குப் போதுமானது.

விட்டம் பெரும்பாலும் 11/32 அங்குலம், அதாவது 8.7 மில்லிமீட்டர். 40 பவுண்டுக்குக் கீழே 5/16-ம், 60 பவுண்டைத் தாண்டினால் 23/64-ம் பார்க்கலாம். முனையும் நாக்கும் அதே விட்டத்துக்கு வாங்குங்கள்; கலந்து வாங்கினால் இணையும் இடத்தில் படி நிற்கும், இலக்கிலிருந்து பிடுங்கும்போது அங்கேதான் கழன்றுகொள்ளும்.

வெளிநாட்டுத் தண்டு கிடைக்காதவர்கள் ஹார்டுவேர் கடையில் விற்கும் மர உருளைக் கம்பிகளில் தேடுகிறார்கள். அவை மேசை நாற்காலி இணைக்க எந்தப் பலகையிலிருந்தும் கடைந்தவை. நூறில் சில நல்லவை இருக்கலாம்; ஒவ்வொன்றையும் கீழே சொல்லும் ரேகைச் சோதனையில் தேறவைத்துத்தான் எடுக்க வேண்டும். அதைவிட நல்ல வழி: பொள்ளாச்சி, பாலக்காடு மரவாடிகளில் இறக்குமதிப் பைன் பலகை கிடைக்கும். முடிச்சில்லாத துண்டை எடுத்து, அறுக்காமல் உளி வைத்துப் பிளக்கச் சொல்லுங்கள். பிளவு ரேகையின் வழியே போகும்; ரம்பம் தன் வழியே போகும். பிளந்த துண்டை 10 மில்லிமீட்டர் சதுரமாக இழைத்து, எட்டுப்பட்டையாக்கி, பிறகு உருட்டி எடுப்பது ஆசாரிக்குப் பழக்கமான வேலைதான். மலைக்குள் போய் மூங்கிலோ ஈற்றையோ வெட்டுவது வனச் சட்டப்படி குற்றம். தோட்டத்து மூங்கில் இருந்தால் செய்யலாம். ஆனால் கணுக்களை நேராக்குவது தனிக் கலை; முதல் அம்புக்கு அது வேண்டாம்.

ரேகையைப் படிக்கப் பழகுங்கள்

கையில் விழும் காயம் பெரும்பாலும் இங்கே தவறவிட்டதால் வருவது. அதனால் இதற்கு நேரம் கொடுங்கள்.

தண்டை வெயிலில் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். இரண்டு பக்கம் மெல்லிய கோடுகள் இணையாக ஓடும். மற்ற இரண்டு பக்கம் கோடுகள் நீண்ட தீநாக்குப் போலக் கூராக முடியும். அந்தக் கூர்தான் ரேகை தண்டை விட்டு வெளியேறும் இடம். முழு நீளத்தில் ஒன்றிரண்டு நீண்ட கூர் இருந்தால் பரவாயில்லை. ஒரு சாணுக்குள் கோடு ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால் அந்தத் தண்டை ஒதுக்குங்கள். விடும்போது அந்தச் சரிவிலேயே பிளக்கும். முடிச்சு, கறுத்த புள்ளி, குறுக்கே ஓடும் மெல்லிய வெடிப்பு இருந்தால் பேச்சே இல்லை.

நாக் ஒட்டும்போது நாண் உட்காரும் பள்ளம் வளையக் கோடுகளுக்குக் குறுக்கே, செங்குத்தாக வர வேண்டும். அப்போது இணைகோட்டுப் பக்கம் வில்லைத் தொடும். தீநாக்குப் பக்கம் மேலும் கீழும் நிற்கும். மேல்பக்கம் தெரியும் கூர்கள் முனையை நோக்கி இருக்க வேண்டும். அப்படி வைத்தால், அம்பு உடைந்தாலும் பின்துண்டு வில் பிடித்த கைக்குள் இறங்காமல் மேலே விலகிப் போக வாய்ப்பு அதிகம். ஆயத்தமாக வாங்கும் அம்பிலும் இதைப் பாருங்கள். மலிவு அம்புகளில் நாக் எந்தத் திசையிலும் ஒட்டியிருக்கும்.

கப்பிகள் பூட்டிய காம்பவுண்டு வில்லில் மர அம்பு விடவே கூடாது. அந்த விசையை மரம் தாங்காது.

நேர்த்தியும் எடையும்

கண்ணாடி மேசையில் தண்டை உருட்டுங்கள். நேரான தண்டு ஒரே சீராக, சத்தமில்லாமல் ஓடும். வளைந்தது தட்டித் தட்டிப் போகும். மேடு எங்கே என்று ஒளிக்கு எதிரே பார்த்து, பென்சிலால் குறியிட்டு, அந்த இடத்தை உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டே எதிர்ப்பக்கம் மெல்ல அழுத்துங்கள். ஒரே அழுத்தில் நிமிர்த்த நினைத்தால் உள்ளே நார் முறியும், வெளியே தெரியாது. பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வளையும் தண்டை விட்டுவிடுங்கள்.

எடைக்கு நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 0.1 கிராம் தராசு போதும். 1 கிராம் என்பது ஏறத்தாழ 15.4 கிரெயின். 11/32 சீடர் தண்டு முழு நீளத்தில் 20 முதல் 25 கிராம் வரும். ஒரு டஜனுக்குள் 1.3 கிராமுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். 30 மீட்டருக்கு மேல் விடப் போகிறீர்கள் என்றால் அதையும் பாதியாக்குங்கள்.

முழு அம்பின் எடை, நீங்கள் இழுக்கும் பவுண்டுக்கு 8 கிரெயினுக்குக் குறையக் கூடாது. 41 பவுண்டுக்கு அது 328 கிரெயின், சுமார் 21 கிராம். அதற்குக் கீழே போனால் அம்பு எடுத்துக்கொள்ளாத விசை வில்லின் வளையும் இரு கைகளுக்கே திரும்பும். நாளடைவில் வில் உடையும். வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்காவில் லாங்போக்காரர்கள் 10 கிரெயினும் அதற்கு மேலும் வைப்பது, கனத்த அம்பு ஆழமாக ஊடுருவும் என்பதற்காக. அவர்கள் பயன்படுத்தும் அகன்ற வெட்டுமுனை முன்பக்கம் காற்றைப் பிடிக்கும்; அதனால் 5 அங்குலத்துக்குக் குறையாத இறகு வைப்பார்கள். அந்த அம்பின் எடை நமக்கும் பயன்படும், வில் சத்தமும் அதிர்வும் குறையும். வெட்டுமுனை நமக்கு எந்த வகையிலும் தேவையில்லை. வைக்கோல் இலக்கை இரண்டே நாளில் கிழித்துவிடும்.

முனை, நாக், இறகு

100 அல்லது 125 கிரெயின் ஃபீல்டு பாயின்ட் (பயிற்சிக்கான சாதாரணக் கூர்முனை) வாங்குங்கள். தண்டின் முன்முனை 5 டிகிரி சரிவாகவும் பின்முனை 11 டிகிரி சரிவாகவும் சீவப்பட வேண்டும். இரண்டுக்கும் பென்சில் சீவி மாதிரியான கருவி கிடைக்கிறது. சரிவு ஒருபக்கம் சாய்ந்தால் முனை கோணலாக உட்காரும்; மேசையில் உருட்டும்போது நுனி வட்டம் போடுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். முனைக்கு ஹாட் மெல்ட் பசை நல்லது, பிறகு சூடாக்கிக் கழற்றலாம்.

நாக் நாணில் லேசாகக் கவ்வ வேண்டும். அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழ வேண்டும். தட்டியும் விழவில்லை என்றால் பிடி அதிகம். தட்டாமலே விழுந்தால் ஆபத்து, நாண் நழுவி வெறும் வில் அடிக்கும்.

இறகு வான்கோழிச் சிறகிறகு. மூன்று இறகு, 4 அல்லது 5 அங்குலம். மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். இடதும் வலதும் கலந்தால் அம்பு சுழல முடியாமல் தடுமாறும். பிளாஸ்டிக் இறகு வில்லின் உடலில் உரசித் தெறிக்கும், லாங்போவுக்கு ஆகாது. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் திறந்தவெளிகளில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும் மாதங்களில் பெரிய இறகு காற்றோடு போகும். அங்கே 4 அங்குலமே பொருத்தம்.

இறகில்லாமல் ஒரு சோதனை

தண்டுகளை முழு நீளத்தில் வைத்து, முனையும் நாக்கும் மட்டும் ஒட்டி, ஒரே தொகுதியில் மூன்றுக்கு இறகு ஒட்டுங்கள். ஒன்றை இறகில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். மெத்தென்ற இலக்கில் 8 மீட்டரிலிருந்து தொடங்குங்கள். இறகில்லாத தண்டு கோணலாகக் குத்தினால் ஒடியக்கூடும், எனவே தூரம் வேண்டாம். வலக்கைக்காரருக்கு வெறும் தண்டு மற்றவற்றுக்கு இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு அதிகம். வலப்பக்கம் விழுந்தால் தளர்வு. தளர்வுக்கு மருந்து, தண்டைக் கொஞ்சம் வெட்டுவது அல்லது முனையை 125-லிருந்து 100-க்கு இறக்குவது. விறைப்புக்கு மருந்து, முனையைக் கனமாக்குவது. அதுவும் போதாவிட்டால் அடுத்த கீழ்க்குழு. தளர்வுக்காக வெட்டும்போது கால் அங்குலம் வெட்டி, மூன்று அம்பு விட்டுப் பார்த்து, மறுபடி வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. இழுப்பு நீளத்துக்கு மேல் முக்கால் அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். அதற்கும் குறைத்தால் முழு இழுப்பில் முனை வில்லுக்கு உள்ளே வந்துவிடும், கை போகும்.

மழையும் வரண்ட காற்றும்

பாலக்காட்டுக் கணவாயில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையின் ஈரம். டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து வரண்ட காற்று. மரத்தண்டு ஒன்றில் ஈரத்தைக் குடிக்கும், மற்றதில் விடும். பூச்சில்லாத தண்டு ஒரே பருவத்தில் கோணலாகிவிடும். பி.யூ. (பாலியூரித்தேன்) வார்னிஷ் மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவே மென்மையான உப்புத்தாள். முனையும் நாக்கும் ஒட்டும் சீவிய பகுதியில் மட்டும் வார்னிஷ் வேண்டாம், பசை பிடிக்காது. அதனால் அவற்றை ஒட்டியபின் இணைப்பு விளிம்பில் ஒரு சுற்று வார்னிஷ் தடவுங்கள். ஈரம் நுழையும் வாசல் அதுதான். அம்புகளைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். படுக்க வைக்கவும் அல்லது நாக் பக்கத்தைப் பிடித்துத் தொங்கவிடவும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் ஹாட் மெல்ட் பசை இளகும்.

விடும் முன்னும் பின்னும்

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அம்பை இரு கையாலும் பிடித்து, காதுக்குப் பக்கத்தில் லேசாக வளைத்துப் பாருங்கள். மெல்லிய டிக் சத்தம் கேட்டால் உள்ளே வெடித்திருக்கிறது. முனைக்குப் பின்னால் இரண்டு அங்குலம்தான் அதிகம் உடையும் இடம்; அங்கே வார்னிஷில் முடிபோலக் கோடு விழுந்திருந்தால் அதை விரிசலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நாக் வெடித்திருந்தாலும் அதே.

தென்னந்தோப்பில் விடுகிறவர்கள் இலக்குக்குப் பின்னால் வரப்பல்ல, ஆள் உயர மண்மேடோ வெட்டுக்கரையோ இருக்கும்படி பாருங்கள். நாக்குக்கும் இறகுக்கும் கண்ணைப் பறிக்கும் மஞ்சள், ஆரஞ்சு நிறம் வையுங்கள், அழகுக்காக இல்லை. புல்லுக்கடியில் நுழைந்த அம்பைத் தேடி எடுக்காமல் விட்டால், மேய வரும் மாட்டின் காலிலோ களை எடுக்க வருகிறவர் காலிலோ அது ஏறும். எண்ணிக்கொண்டு போங்கள், எண்ணிக்கொண்டு திரும்புங்கள்.

விரிசல் என்று சந்தேகப்பட்ட தண்டை அங்கேயே முழங்காலில் வைத்து ஒடித்துவிடுங்கள். பையில் போட்டு வைத்தால் என்றாவது ஒருநாள் மறந்துபோய் அதையே நாணில் மாட்டுவீர்கள். முனையைச் சூடாக்கிக் கழற்றினால் அடுத்த தண்டுக்கு ஆகும்.